சலாவுதீன் டிவிஷனில் ஒரு சம்பந்தம்

மில்பிடாஸ்
14 செப்டம்பர் 2024

என் அன்புத் தங்கச்சி ராணிக்கு,

அண்ணை எழுதுகிறேன். இங்கே நான் சுகம். சீனி கொஞ்சம் ஏறுகிறது, இறங்குகிறது, அதை விடு. உன் முழங்கால் எப்படி? படி ஏறுகிறாயா, இல்லை மச்சான்தான் இன்னும் தேத்தண்ணியை மேலே கொண்டுவந்து தருகிறாரா?

கடிதத்தைக் கண்டு பயப்படாதே. போனில் நீ கத்துவதும் நான் "ஆ? ஆ?" என்பதும் சரிவராது. காது மெஷின் போனைக் கண்டாலே விசில் அடிக்கிறது. பெருவிரலால் தமிழ் அடிக்கவும் எனக்கு வராது. இது ஆற அமர எழுத வேண்டிய விஷயம்.

ரூபி தனக்குத் தானே மாப்பிள்ளை பார்த்துவிட்டாள். ஹூஸ்டனில் அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருக்கிற பெடியன். பெயர் சைஃப். ஈராக்காரர். அவன் பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் குடும்பமாக அகதியாக வந்தவர்கள். வேறு சமயம் என்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை, அது உனக்குத் தெரியும். தகப்பன் கரீம், அங்கே டயர் கடை வைத்திருக்கிறார். "அதுக்கு முதல் என்ன செய்தவர்?" என்று கேட்டேன். ஆமியாம். டாங்கியாம். மூன்றாம் கவச டிவிஷன், சலாவுதீன் என்று பெயராம். பிள்ளை சிரித்துக்கொண்டு சொன்னாள், ஏதோ பாங்கில் வேலை செய்தவர் என்று சொல்வதுபோல.

"சரி, விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றேன். "வாட் இஸ் தேர் டு விசாரி, அப்பா?" என்று கேட்டாள். அதன் பிறகு போனை வைத்துவிட்டாள். இரண்டு நாளாக வீட்டுக்குள் இருக்கவே முடியவில்லை. கதிரையில் இருந்தால் எழும்புகிறேன், எழும்பினால் எங்கே போவது என்று தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

உன் அண்ணை,
பேரின்பநாதன்

*

வெஸ்ட் வின்ட்சர்
28 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

ராணி எழுதுவது. முழங்கால் முன்னைவிடப் பரவாயில்லை. தேத்தண்ணி இன்னும் மேலேதான் வருகிறது, கண் வைக்காதேங்கோ. சீனியை "விடு" என்று எழுதுகிற ஆள் பின்னேரத்தில் என்ன தின்கிறீர்கள் என்றும் எழுத வேண்டும்.

ரூபி எனக்குப் படம் அனுப்பினாள். பெடியன் நல்ல வடிவு. சிரிப்பில் கள்ளம் இல்லை. சமைப்பானாம். உங்கள் மகளுக்கு முட்டை பொரிக்கவும் தெரியாது, பிறகென்ன?

விசாரிக்கப் போகிறீர்களோ? யாரை? நம் ஊரென்றால் எந்தக் குறிச்சி, தாய் வழி யார், குடும்பத்தில் விசர் கிசர் உண்டோ என்று கேட்கலாம். ஒரு டிவிஷனைப் பற்றி எந்தச் சந்தியில் போய்க் கேட்பீர்கள்? அண்ணை, பிள்ளைக்கு முப்பது வயது. தாயென்று வசந்தா மச்சாள் இருந்திருந்தால் இதற்குள் நகைக்கடைக்குப் போயிருப்பா. உங்களுக்கு மனத்தில் என்ன என்று அவளிடம் நேரே சொல்லுங்கோ. "விசாரிக்கிறன்" என்ற சொல்லை மட்டும் சொல்லாதேங்கோ, அவளுக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது.

மருந்தை நேரத்துக்குப் போடுங்கோ.

தங்கச்சி,
ராஜராணி

*

மில்பிடாஸ்
20 ஒக்டோபர் 2024

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பின்னேரத்தில் நான் தின்பது இரண்டு கிரீம் கிராக்கர். அதையும் பிடுங்கப் போகிறாயா?

யாரைக் கேட்பது என்று கேட்டாயே, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். லைப்ரரியில் வெளியூர்களிலிருந்தெல்லாம் புத்தகம் எடுப்பித்தேன். அந்தப் பிள்ளை, கவுண்டரில் இருக்கிறவள், என்னைக் கண்டால் இப்போது "டாங்க் அங்கிள்" என்கிறாள்.

எழுபத்து மூன்றில் இந்த டிவிஷன் சிரியாப் பக்கம் போய் இஸ்ரேலோடு அடிபட்டிருக்கிறது. எண்பதில் எல்லையைத் தாண்டி ஈரானுக்குள் போனது. கோராம்ஷர் என்று ஆற்றங்கரைத் துறைமுகப் பட்டினம். பாலைவனத்தில் ஓடப் பழகிய டாங்கிகளை ஒடுங்கின தெரு ஒழுங்கைக்குள் விட்டார்கள். சனம் வீட்டுக்கு வீடு நின்று மறித்தது. பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல். எண்பத்திரண்டில் அதே பட்டினத்தை விட்டு ஓட வேண்டி வந்தது. ஆயிரக்கணக்கில் சரணடைந்தார்கள், டிவிஷனே குலைந்து போயிற்று. பிறகு திரும்பவும் கட்டி எழுப்பினார்கள். கரீம் எண்பதில் இருபது வயதுப் பெடியன். அப்போதே அதில் இருந்தாராம், ரூபி சொன்னாள்.

இந்தச் சண்டைகளைப் பற்றி எழுதுகிற ஓர் ஓய்வுபெற்ற அமெரிக்க அதிகாரிக்கு ஈமெயில் போட்டேன். "இந்த டிவிஷன் ஆட்கள் பொதுவாக எப்படிப்பட்டவர்கள், குடும்பப் பாங்கானவர்களா?" என்று கேட்டேன். மனிசன் எந்த எந்த டாங்கி வைத்திருந்தார்கள் என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரி.

வாசித்துக்கொண்டு இருக்கும்போதே எழும்பிவிடுகிறேன். காரை எடுத்துக்கொண்டு போய் மோல் பார்க்கிங்கை நாலு தரம் சுற்றிவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்புகிறேன். ரூபி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். இப்போது எடுப்பதில்லை.

உன் அண்ணை

*

வெஸ்ட் வின்ட்சர்
9 நவம்பர் 2024

அண்ணைக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்கள் நலமில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

தீபாவளிக்கு ரூபி இங்கே வந்திருந்தாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள், நான் சொல்கிறேன். குசினியில் வந்து நின்று அழுதாள். "மாமி, அப்பா இஸ் ஜஸ்ட் எ பிகட். முஸ்லிம் எண்டபடியாத்தான்" என்றாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உன்ரை அப்பா அப்பிடி இல்லை" என்றேன். "அப்ப எப்பிடி? நீங்கள் சொல்லுங்கோ" என்று கேட்டாள்.

சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லையே. அரிசிமாவைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அண்ணை, உங்களை ஒரு துவேஷக்காரன் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பிள்ளை கழுத்தை நீட்டப் போகிறாள். கோராம்ஷரை மூடி வைத்துவிட்டு வாயைத் திறவுங்கோ.

ராணி

*

மில்பிடாஸ்
1 டிசம்பர் 2024

அன்புள்ள ராணிக்கு,

நலம், நலமறிய ஆவல். குளிர் தொடங்கிவிட்டது. அங்கே பனி கொட்டியிருக்கும், வெளியே போகும்போது பார்த்துக் கால் வை.

ரூபி அப்படிச் சொன்னதை நாலைந்து தரம் வாசித்தேன். அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். இங்கிலீஷில் எனக்கு எழுத வரவில்லை. தமிழில் எழுதினால் அவளுக்கு வாசிக்க வராது. இதெல்லாம் சாட்டு என்று நீ சொல்வாய்.

தொண்ணூற்றோராம் ஆண்டுக்கு வந்துவிட்டேன். ஜனவரிக் கடைசியில் சவூதி எல்லையில் காஃப்ஜி என்ற ஆளில்லாத பட்டினத்துக்கு அனுப்பிய படையில் இந்த டிவிஷனும் உண்டு. ஆகாயத்திலிருந்து அடித்து நொறுக்கினார்கள். ஒரு மாதத்தில் குவைத்திலிருந்து எல்லாரும் பின்வாங்கியபோது தெருவெல்லாம் எரிந்த வண்டிகள். கரீம் அதிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தாராம். புத்தகங்களில் அம்பு போட்டு, கோடு போட்டு, எந்தப் பிரிகேட் எங்கே நின்றது என்று எல்லாம் இருக்கிறது. டாங்கிக்குள் இருந்தவன் என்ன கண்டான் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அதைத் தேடித்தான் இத்தனையும் வாசித்தேன் போலிருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். ஊரில் எங்கள் வீட்டு வாசல் படலையிலிருந்து சந்தி எவ்வளவு தூரம் இருக்கும்? எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. நடுவில் வேலி வளைந்து போகுமா, நேரே தெரியுமா? எண்பத்தேழில், ஊரில் சண்டை நடந்த அந்த ஐப்பசியில் நான் கொழும்பில் நின்றேன். நீதான் அங்கே இருந்தாய்.

எழுது.

அண்ணை

*

மில்பிடாஸ்
5 ஜனவரி 2025

ராணி,

புது வருஷ வாழ்த்து. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் எடுத்தேன். மச்சான் "அவ வெளியிலை போயிட்டா" என்று ஏதோ சொன்னார், பாதிதான் கேட்டது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனா? கோபமென்றால் கோபம் என்றாவது எழுது. தபால்காரன் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன். அவனும் என்னைக் கண்டு கையை விரிக்கிறான்.

அண்ணை

*

வெஸ்ட் வின்ட்சர்
2 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

கோபம் இல்லை. உங்கள் கேள்வியை வாசித்த பிறகு எனக்குப் பேனை பிடிக்க முடியவில்லை. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். வெளியே போயிருந்தது ஹூஸ்டனுக்கு. ரூபியோடு இரண்டு கிழமை நின்றேன்.

கரீமைக் கண்டேன். பெரிய உடம்பு, முதுகு நோ, எழும்பும்போது சுவரைப் பிடிக்கிறார். மனிசி நஜ்லா என்னை விடவில்லை, தின்னத் தந்தே கொன்றுவிட்டா. அவர்களும் நம்மை விசாரித்திருக்கிறார்கள் தெரியுமோ? "உங்கள் தமையன் எந்த இயக்கத்தில் இருந்தவர்?" என்று கரீம் பெடியனைக் கொண்டு கேட்பித்தார். யாழ்ப்பாணம் என்று இன்டர்நெட்டில் தேடினால் அதுதான் வருகிறதாம். பயந்துபோய் இருக்கிறார்கள் பாவங்கள். "அண்ணை கால்குலேட்டரைத் தவிர ஒண்டும் தூக்கினதில்லை" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

கலியாணம் மே மாதம் என்று பேசியிருக்கிறார்கள். ஒரு நாள் அவர்கள் முறை, ஒரு நாள் எங்கள் முறை. தாரை வார்க்கத் தனி ஆள் கூடாது, நானும் இவரும் சோடியாக நின்று செய்வதுதான் வழக்கம் என்று ரூபிக்குச் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமோ? "அப்பா தனியத்தான் செய்யவேணும். ஐயர் மாட்டன் எண்டால் ஐயரும் வேண்டாம். அப்பா வராட்டி மட்டும் நீங்கள் நில்லுங்கோ, மாமி." உங்களைத் துவேஷக்காரன் என்று நினைத்துக்கொண்டும் அதைச் சொல்கிறாள். உங்கள் இடம் அங்கே காலியாகத்தான் இருக்கிறது. அதில் என்னை நிற்க வைக்காதேங்கோ.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நேரே தெரியும், அண்ணை. சந்தியில் நின்றால் எங்கள் படலை நேரே தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

நீங்கள் சம்பந்தி பகுதியை விசாரிக்கவில்லை. அது எனக்கு ஒக்டோபரிலேயே விளங்கிவிட்டது. நாங்கள் எல்லோரும் கோயிலுக்கு ஓட, வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று பின்னால் நின்ற அம்மா, படலையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றவ. சந்தியில் டாங்கி. உள்ளே இருந்தவன் கண்டும் அடித்தானா, காணாமல் அடித்தானா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். உலகத்தில் எந்த டாங்கிக்காரன் அகப்பட்டாலும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். அகப்பட்டவர் உங்கள் மகளின் மாமனாராகப் போய்விட்டார்.

ரூபிக்கு அப்பம்மா காய்ச்சலில் செத்துப் போனவ என்று சொல்லி வளர்த்தது நீங்கள். இப்போதும் அவளிடம் சொல்லாமல் அந்த மனுசனின் பட்டாளத்தையே அலசிக்கொண்டிருந்தால் பிள்ளை என்ன நினைக்கும்? ஹூஸ்டனுக்குப் போங்கோ. அவள் முன்னால் வைத்துக் கேளுங்கோ.

தங்கச்சி,
ராணி

*

மில்பிடாஸ்
16 மார்ச் 2025

அன்புள்ள ராணிக்கு,

போனேன். பத்திரமாகத் திரும்பியும் வந்துவிட்டேன். உன் முழங்காலைப் பற்றிப் பிறகு கேட்கிறேன், முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

ரூபி ஏர்போர்ட்டுக்கு வந்தாள். கட்டிப்பிடித்தாள், ஆனால் ஃப்ரீவே முழுக்க ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினாள். நோன்பு மாதம் என்றபடியால் பொழுது படுகிற நேரம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பேரீச்சம்பழம், பருப்புச் சூப், அதற்குப் பிறகு ஒரு மலை சோறு. கரீம் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், குறையக் குறைய அள்ளிப் போட்டார். பெடியன் எனக்குப் பக்கத்தில் இருந்து, தகப்பன் சொல்வதை என் நல்ல காதுக்குள் இங்கிலீஷில் சொன்னான். கத்தாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னான். மகளே அப்படிச் சொல்வதில்லை.

நான் எண்பதில் இருந்து தொடங்கலாம் என்று ஆயத்தமாகப் போயிருந்தேன். அங்கே போனதும் எல்லாம் குழம்பிவிட்டது. "டாங்கியிலை உங்களுக்கு என்ன வேலை?" என்று மட்டும் கேட்டேன். "கன்னர்" என்றார், பீரங்கி சுடுகிறவர். "கோராம்ஷரிலை?" ஓம் என்று தலையை ஆட்டினார். "எனக்கு இருபது வயது. காட்டினதுக்கு அடிச்சன். வீடுகளுக்கும் அடிச்சன். இல்லை எண்டு சொல்ல மாட்டன்" என்றார். பெடியன் அதை மொழிபெயர்த்துவிட்டுத் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் அது புதிது போல.

பிறகு நான் கேட்டேன். "ஒரு பொம்பிளை படலையிலை நிக்கிறா. ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு. டாங்கி சந்தியிலை நிக்குது. உள்ளுக்கை இருக்கிறவனுக்கு அவவைத் தெரியுமோ?"

பெடியன் மொழிபெயர்க்கவில்லை. ரூபியைப் பார்த்தான். ரூபி என்னைப் பார்த்தாள். "விச் வுமன், அப்பா?"

"உன்ரை அப்பம்மா" என்றேன்.

ராணி, பிள்ளையின் முகத்தை நான் உனக்கு எழுத மாட்டேன். அவள் கதிரையை விட்டு இறங்கி வந்து என் காலடியில் நிலத்தில் இருந்தாள். "எனக்கு ஏன் சொல்லேல்லை அப்பா?" என்றாள். தமிழில் கேட்டாள். "நான் உங்களை என்னவெல்லாம் நினைச்சன்." நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். முன்பின் தெரியாத மனிதர்கள் முன்னால் அழுதேன், வெட்கமாகவே இல்லை.

பெடியன் தகப்பனுக்கு அரபியில் சொன்னான். கரீம் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "டாங்கியின்ரை மூடி பூட்டியிருந்ததா? அதுக்கு முதலே வெடி நடந்துகொண்டிருந்ததா?" என்று கேட்டார். இரண்டுக்கும் ஓம் என்றேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்ப ஒண்டும் தெரியாது. உள்ளுக்கை இருக்கிறவன் குருடன். ஒரு கீற்றுத்தான். புகை, தூசி, மதில், அவ்வளவுதான். அவன் அவவின்ரை கையைக் காணேல்லை." பிறகு நெஞ்சில் கை வைத்து "வல்லாஹி" என்றார். அல்லா மேல் ஆணை என்று அர்த்தமாம், பெடியன் சொன்னான்.

நஜ்லா எழும்பி வந்து ரூபிக்கு முகம் துடைத்துவிட்டா. அதோடு கதை முடிந்தது. தேத்தண்ணி வந்தது.

கோராம்ஷரை லைப்ரரியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "டாங்க் அங்கிள், நெக்ஸ்ட் புக் என்ன?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

உன் அண்ணை

*

வெஸ்ட் வின்ட்சர்
27 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை இவர்தான் வாசித்துக் காட்டினார். எனக்குக் கண் மறைத்துவிட்டது. சுகமாக இருக்கிறேன், பயப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டு அன்ரி கண்டா என்றுதான் அப்போது உங்களுக்குக் கொழும்புக்கு எழுதினேன். அன்ரி காணவில்லை. கோயில் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது நான். அம்மா கையைத் தூக்கினதைக் கண்டது நான். பதினேழு வயது எனக்கு. அன்றிலிருந்து இன்றுவரை வாய் விட்டு ஒருவருக்கும் சொன்னதில்லை, இவருக்கும்.

அண்ணை, நீங்கள் இவ்வளவு புத்தகம் வாசித்தவர். ஒன்றைச் சொல்லுங்கோ. கரீம் சொன்னது உண்மையோ? உண்மையாகவே உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியாதோ?

ராணி

*

மில்பிடாஸ்
6 ஏப்ரல் 2025

என் ராணிக்கு,

நீ பதினேழு வயதில் அதைக் கண்டாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் படலையைப் பற்றி உன்னிடம் கேட்டே இருக்க மாட்டேன். உன்னை நினைக்க நெஞ்சு வெடிக்கிறது. பக்கத்தில் இருந்தால் உன் தலையைப் பிடித்து மடியில் வைத்திருப்பேன்.

கேட்டாய், சொல்கிறேன். தெரியும், ராணி. சுடுகிறவனுக்கு முன்னால் கண்ணாடி இருக்கிறது, ஏழெட்டு மடங்கு பெருப்பித்துக் காட்டும். நீ சொன்ன தூரத்தில் அம்மாவின் கைக் காப்பே தெரிந்திருக்கும். அந்தக் கண்ணாடியைப் பற்றி நான் வாசித்திருக்கிறேன். கரீம் பத்து வருஷத்துக்கு மேல் அதற்குள்ளால் பார்த்தவர்.

கோராம்ஷரில் தான் செய்ததைச் சொந்த மகன் முன்னால் மறைக்காத மனிதர் அவர். நோன்பு மாதத்தில், ஐந்து வேளையும் தொழுகிறவர், எனக்காக அல்லாவின் மேல் ஆணையிட்டுப் பொய் சொன்னார். அது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். வெளிக்கிடும்போது வாசலில் வைத்து என் கையைப் பிடித்தவர், ரூபி காரைத் திருப்பி வரும்வரை விடவில்லை.

உனக்கு அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ கண்டவள். ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது, ராணி. பொய்யென்று தெரிந்தும் அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டேன்.

விசாரித்து முடிந்தது. சம்பந்தம் கலந்தாயிற்று. ரூபியிடம் நானே சொல்லிவிட்டேன், தாரை வார்க்க நான் தனியத்தான் நிற்பேன். நீ நியூ ஜெர்சியிலேயே நல்ல கூறைச் சேலையாகப் பார்த்து எடு. கரீமுக்கும் ஒரு பட்டுக்கரை வேட்டி எடு. ஆள் பெரிய உடம்பு, எட்டு முழம் வேண்டும்.

உன் அண்ணை,
பேரின்பநாதன்